காலி நாற்காலிக்கு ஒரு விசா

லிஃப்ட்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் 'இதோ வந்துட்டேன்'. மனைவியின் தம்பி வைத்தது. போன் அடித்தால், யார், எங்கே, என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து விழுகிற வார்த்தை அதுதான். சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். நகரத்தில் முப்பத்தெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. மருத்துவமனை, துணிக்கடை, அலுவலகங்கள், அடுக்குமாடி வீடுகள். எதிலாவது ஆள் மாட்டிக்கொண்டால் கம்பெனி முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

"ஏன், அந்த ஆபீஸ்ல வேற ஆளே கிடையாதா?" என்று மாமியார் கேட்பார்.

"இருக்காங்க அத்தை. அவங்க வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். உள்ள நிக்கிறவங்களுக்கு அது முக்கால் நாள்."

இந்தப் பதில் அவர் மனைவிக்கு மனப்பாடம். ஐந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அதிகம் பார்த்தது அவர் முதுகை.

அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா உயிரோடு இருந்தபோது கிடங்கில் மூட்டை தூக்கியவர். மகளின் பட்டச் சான்றிதழை ஒரு வாரம் கிடங்கிலேயே வைத்திருந்து, வந்த ஓட்டுநர், போன ஓட்டுநர் எல்லாருக்கும் காட்டியதில், அதன் ஓரமெல்லாம் கசங்கிப் போயிருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். காரணம் ஒரு லிஃப்ட்தான். நாற்பது ரத்த மாதிரிக் குப்பிகள் அடுக்கிய தட்டோடு அவள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நாளில், கதவுக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாரும் "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று கத்தி அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் மட்டும், "கையில என்ன இருக்கு? அதைக் கீழ வெச்சுட்டு உட்காருங்க, கால் வலிக்கும்" என்றது.

அந்தக் குரலைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள், "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டால், "இன்ஜினியரிங் கம்பெனியில இருக்கார்" என்பாள். பொய் இல்லை. உண்மையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் பிடிக்காததால் கேட்பதை விட்டுவிட்டாள்.

வெளிநாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்தபோது, அதை முதலில் உரக்கப் படித்தவர் அவர்தான். எழுத்துக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டு, "அவங்க லேப் ஆறு மாடியாம். லிஃப்ட் இருக்கும்" என்றார். நாலு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

விசா ஏஜென்ட் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், உங்க விசா கையில இருக்கிற மாதிரிதான். கேள்வியே சாரைப் பத்தித்தான். நீங்க முன்னாடி போய்ட்டு, ஆறு மாசம் வேலை பார்த்துக் காட்டினப்புறம் அவரைக் கூப்பிட்டுக்கலாம். அது எப்படியும் ஒரு வருஷத்தை முழுங்கிடும்."

"நடுவுல வந்து பார்த்துட்டுப் போகலாமா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"விசிட் விசா இருக்கு. மூணு மாசம் தங்கலாம். ஆனா அங்க ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகக் கூடாது சார். தெரிஞ்சா அதோட கதை முடிஞ்சது."

"மூணு மாசம் சும்மாவா?" அவர் நாற்காலியில் நெளிந்தார். பல் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

"உங்க தொழிலை வெச்சு நீங்களே தனியா விசா போடலாம். அதுக்குத் தேர்வு எழுதணும், சான்றிதழ் வேணும். ரெண்டு வருஷம் வெச்சுக்கோங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் ஒரே விண்ணப்பத்துல ஒண்ணாப் போறது. மேடம் வேலைக்கு அங்க ஆள் பஞ்சம். அதனால கூட வர்ற கணவருக்கும் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். இதுதான் நல்ல வழி. ஒரே ஒரு முடிச்சு. இது நிஜக் கல்யாணம்தான்னு நிரூபிக்கணும். விசாவுக்குன்னே கல்யாணம் பண்றவங்க நிறைய."

அவள் சிரித்துவிட்டாள். "அஞ்சு வருஷமாச்சுங்க."

"வருஷத்தை அவங்க நம்ப மாட்டாங்க. காகிதத்தைத்தான் நம்புவாங்க."

வெளியே வந்து படியிறங்கும்போது அவள் சொன்னாள், "ஒண்ணாப் போறதா இருந்தா போறேன். இல்லைன்னா வேண்டாம்னு எழுதிடறேன்."

"அப்படிச் சொல்லாத. என்னால நீ போகாம இருந்தா, அது எனக்கு ஆயுசுக்கும் பாரம்."

"நீங்க இல்லாம போனா அது எனக்குப் பாரம்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குவோம்," என்றார். அதற்குள் போன் அடித்தது.

விண்ணப்பத்தில் கணவரின் தொழில் என்ற கட்டத்தில் அவள் முதலில் 'தொழில்நுட்ப அதிகாரி' என்று தட்டினாள். அழித்தாள். 'பராமரிப்பு நிபுணர்' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். யாருக்காக இந்த அலங்காரம்? பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "மெக்கானிக்னு போடு, சின்னக் கட்டம்தானே, அதுதான் உள்ள அடங்கும்" என்றார். அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. காது மட்டும் சூடாகியது.

இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் பதினைந்து கேட்டிருந்தார்கள். பத்தே நிமிடத்தில் பொறுக்கி அனுப்பிவிட்டாள். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. பதினைந்து படங்களில் நான்கில்தான் கணவர் இருக்கிறார், அந்த நான்கில் ஒன்றில் கை மட்டும்தான் தெரிகிறது, மற்றவற்றில் அவர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் மாமியார் பெயரில் இருக்கிறது, அலைபேசி கம்பெனி பெயரில் இருக்கிறது. இருபத்தெட்டு நாட்களுக்குள் கூடுதல் ஆதாரம் வராவிட்டால் கணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார்கள். அம்மா குனிந்து பார்த்தார்.

"என்ன பேச்சு இது. எல்லாத்துலயும்தான் இருக்காரே மாப்பிள்ளை."

"எங்கம்மா?"

"இதோ." அம்மா கல்யாணப் படத்தில் விரலை வைத்தார். மேடையில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. "இது அவர் நாற்காலி. இதுல பாரு, கதவோரமா அவர் பை. இந்தக் கேக் படத்துல அவர் தட்டு இருக்கு, மூடி வெச்சிருக்கோம்."

தம்பி மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அவளும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். படங்களைப் பொறுக்கியபோது அவள் கண்ணிலும் அப்படித்தான் பட்டிருந்தது. ஒரு படத்தில்கூட அவர் இல்லை என்று தோன்றவே இல்லை. போனவர் அரை மணியில் வந்துவிடுவார் என்று தெரிந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த நாற்காலி காலி இல்லை. வேறு எந்தக் குடும்பம் இப்படியொரு ஆல்பத்தைத் தூக்கி அரசாங்கத்துக்கு அனுப்பும்?

"கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?" என்று அம்மா புலம்பினார். "அஞ்சு வருஷமா இந்த மனுஷனுக்குச் சோத்தைச் சூடு பண்ணிச் சூடு பண்ணிப் போடறேன். என்னைக் கேட்கச் சொல்லு."

ஏஜென்ட் இருவருக்கும் நடுவில் போன செய்திகளைப் பார்க்கக் கேட்டார். 'மோட்டார் போட்டாச்சா'. 'சாவி மேல'. 'வர நேரமாகும்'. 'சரி'. ஐந்து வருடமும் அதுதான்.

"இதுல ஒரு 'கண்ணே' கூட இல்லையே மேடம்," என்றார் ஏஜென்ட்.

"அது நேர்ல சொல்லுவார்," என்றாள் அவள்.

"சொல்லுவேனா?" என்று அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

ஏஜென்ட் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். நாலு சட்டை, நாலு புடவை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய், வேறு வேறு நாள் மாதிரி படம் எடுத்துவிடுங்கள். எல்லாரும் செய்கிறதுதான். வேறு வழி தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலை போனார்கள். தம்பி படம் பிடித்தான். "மாமா, கொஞ்சம் காதலாப் பாருங்க. அக்காவை மோட்டாரைப் பார்க்கிற மாதிரி பார்க்காதீங்க." இரண்டாவது சட்டையில் மூன்றாவது படம் எடுக்கும்போது போன் அடித்தது.

"இதோ வந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவளைப் பார்த்தார். அவள் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்திருந்தாள். அந்த மடிப்பில் ஐந்து வருடமும் இருந்தது.

"பக்கத்துலதான். நீயும் வாயேன்," என்றார். இதுவரை ஒருமுறைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சட்டைகள் அடைத்த பையோடு அவள் பின்னால் நடந்தாள்.

ஆறு மாடி அலுவலகம். விடுமுறை நாளில் வேலைக்கு வந்த இருவர் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கதவில் காதை வைத்து, "உள்ள எத்தனை பேர்? ரெண்டா. சாப்பிட்டீங்களா? இல்லையா, நானும் இல்லை. பத்து நிமிஷத்துல மூணு பேரும் சாப்பிடலாம், உட்காருங்க" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் அழுகைக்கு நடுவில் சிரிப்பது கேட்டது.

கட்டடத்தின் காவலாளி வயிற்று வலியென்று மருந்துக்கடைக்குப் போயிருந்தார். "நீ மூணாம் மாடிக் கதவுகிட்ட நில்லு. இந்தக் கண்ணாடிப் பட்டை வழியாப் பார். பெட்டியோட அடித்தட்டு தரைக்கு வர எவ்வளவு பாக்கின்னு போன்ல சொல்லிக்கிட்டே இரு. கதவைத் தொடாத," என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, இரண்டு ஆள் நிற்கும் பெட்டியை அவர் அங்குலம் அங்குலமாக இறக்குவது அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது கண்ணாடிக்குப் பின்னால் மெதுவாக இறங்கி வந்த ஒரு இரும்பு விளிம்பு.

"ஒரு முழம்," என்றாள். "ஒரு சாண். இன்னும் நாலு விரல். ரெண்டு. சரி, சரி, நிறுத்துங்க."

நின்றது. மயிரிழை பிசகவில்லை. அவர் இறங்கி வந்து முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தார். வெளியே வந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் பூங்காவில் போட்டிருந்த சட்டையில் மசகு அப்பியிருந்தது.

பிறகு அவர் சுவரோரம் தொங்கிய பதிவேட்டை எடுத்தார். அழைப்பு வந்த நேரம். வந்து சேர்ந்த நேரம். உள்ளே இருந்தவர்கள். வெளியே வந்த நேரம். கையெழுத்து. ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாக நிரப்பினார். வீட்டில் ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவர், இங்கே ஒரு எழுத்துகூடக் கோட்டைத் தாண்டாமல் எழுதினார்.

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். நேரமும் தேதியும் கையெழுத்தும் இல்லாத ரத்தம் யாருடைய ரத்தமும் இல்லை. இவை மூன்றும் இருந்தால், அதை எந்த நாட்டிலும் மறுக்க முடியாது.

"எல்லாக் கட்டடத்துலயும் இது இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கும். சட்டம். எதுக்குக் கேட்கிற?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்க போனீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "துணிக்கடை. ஆறு வருஷ லிஃப்ட். கதவு உருளை தேஞ்சு போச்சு." லிஃப்டின் வயது நினைவிருந்தது.

பூங்காவில் எடுத்த படங்களை அன்றே அழித்தாள். நிஜமாக இருக்கும் ஒன்றுக்குப் பொய்யாக ஒரு சாட்சி எதற்கு? அடுத்த பத்து நாள், வேலை முடிந்ததும் கட்டடம் கட்டடமாக ஏறினாள். அவர் இல்லாத பதினொரு படங்களின் தேதிக்குப் பதினொரு பக்கம் வேண்டும். மேலாளர்கள், "எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். "லிஃப்ட்காரருக்கு விசாவுக்கு" என்றதும், ஒருவர் தானே நகல் எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர், "அவரைக் கூட்டிட்டுப் போறீங்களா? அப்ப நகல் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முத்திரையும் வைத்துத் தந்தார்.

துணிக்கடைப் பதிவேடு கடைசியாகக் கிடைத்தது. தேதி அவர்களுடைய கல்யாணத் தேதி. அழைப்பு 11.40. வந்து சேர்ந்தது 11.52. உள்ளே நால்வர், ஒருவர் எட்டு மாதக் கர்ப்பிணி. வெளியே வந்தது 12.06. கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, கட்டடத்தார் குறிப்பு எழுதும் இடத்தில், யாரோ ஒரு மேலாளர் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மெக்கானிக் கல்யாண உடுப்பில் வந்தார். கேட்டதற்கு இன்று தனக்குக் கல்யாணம் என்றார். வாழ்த்துச் சொல்வதற்குள் போய்விட்டார்.'

கடையின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவள் அதை நாலு தடவை படித்தாள். அன்றைக்கு அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, "எங்க போனீங்க?" என்று அவள் கேட்கவில்லை, கோபத்தில். "ஒரு கதவு" என்று மட்டும் அவர் சொன்னார். ஒரு கர்ப்பிணி என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

வீட்டில் நகல்களைப் பார்த்த லிஃப்ட்காரருக்கு முகம் சுருங்கியது.

"இதை அனுப்பினா, உன்னை நான் எத்தனை தடவை விட்டுட்டுப் போனேன்னுதானே அவங்களுக்குத் தெரியும்? உள்ளதும் போச்சுடான்னு ஆயிடும்."

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. இது சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சியா, வாழாததற்கா? அவர் இருந்த நாலு படங்களில் ஒன்றை அவள் நகர்த்தி வைத்தாள். கல்யாணச் சாப்பாட்டுப் பந்தி. படத்தின் மூலையில் நேரம், 12.50. அவர் குனிந்து சாப்பிடுகிறார். வலது கைமடிப்பில் கறுப்பாக ஒரு கறை.

"குழம்புன்னு நினைச்சேன் இத்தனை நாளா," என்றார் அம்மா.

"மசகும்மா," என்றாள் அவள்.

கடிதத்தை அவளே எழுதினாள். ஏஜென்ட் திருத்த வந்தபோது விடவில்லை. 'என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பதினொரு படங்களில் அவர் ஏன் இல்லை என்பதற்கு நேரமும் கையெழுத்தும் உள்ள பதினொரு பக்கங்கள் இணைத்திருக்கிறேன். அந்த நேரங்களில் மொத்தம் முப்பத்தோரு பேர் வெளியே வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தார். நாங்கள் தட்டை மூடி வைத்திருந்தோம்.' இவ்வளவுதான். எழுதி முடித்தபோதுதான், 'மெக்கானிக்' என்ற சொல்லை யோசிக்காமல் எழுதியிருப்பது தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துக் காணொளியில் ஒரு அதிகாரி பேசினார். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். முதலில் லிஃப்ட்காரரைத் தனியாக வைத்துக் கேட்டார்கள். உங்கள் மனைவி வேலைக்கு எந்தக் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு போகிறார்? "கட்ட மாட்டா. கையுறை போடணும்ல. பையில வெச்சிருப்பா, அது அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடும்." போன கல்யாண நாளில் என்ன செய்தீர்கள்? "அது பதிவேட்டைப் பார்த்தாத்தான் தெரியும்." மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லும்போது இருமினார்.

அடுத்து அவளிடம் ஒரே கேள்வி. இங்கே வந்தாலும் இவர் இப்படித்தான் பாதியில் எழுந்து போவாரா?

"லிஃப்ட் இருக்கிற ஊரா இருந்தா போவார்," என்றாள். "போகலைன்னாத்தான் நான் பயப்படுவேன்."

முடிவு ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் லிஃப்டுக்கு மேலே நிற்கிறார் என்று பொருள். எந்தக் கட்டடம் என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டு போனாள். பளபளவென்ற வரவேற்பறை. மேசைக்குப் பின்னால் கழுத்துப் பட்டை கட்டிய பெண், "யாரைப் பார்க்கணும் மேடம்?" என்றாள். கூடவே, எதற்கோ அங்கே வந்திருந்த அவளுடைய மருத்துவமனை மேலாளரின் மனைவியும் அவளை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க லிஃப்டைச் சரி பண்ணிக்கிட்டிருக்காரே மெக்கானிக், அவர் என் வீட்டுக்காரர்," என்றாள் அவள், இருவருக்கும் கேட்கும்படி.

"அவரா? அவர் மேல ஏறி ஒரு மணி நேரமாச்சு. உட்காருங்க, டீ சொல்லவா?"

உட்காரவில்லை. லிஃப்ட் கதவுக்கு எதிரிலேயே நின்றாள். இருபது நிமிடம் கழித்து அவர் படி வழியாக இறங்கி வந்தார். அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். கையெல்லாம் கறுப்பு. அவள் போனை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே படி" என்றார்.

அவள் படித்தாள். கணவர் என்ற இடத்தில் அவர் பெயர். அனுமதிக் காலம். அடுத்த வரி: வேலை செய்யலாம். அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"எந்த வேலைன்னு போட்டிருக்கா?"

"எந்த வேலையும்னு இருக்கு."

"லிஃப்ட்?"

"எந்த வேலையும்னா லிஃப்டும்தான்."

அவர் தலையாட்டினார். முகத்தைத் துடைக்கப் போய்க் கன்னத்தில் கறுப்பை இழுத்துக்கொண்டார். "எத்தனை வாரம் இருக்கு?"

"அஞ்சு."

"முப்பத்தெட்டு கட்டடம். ஒவ்வொண்ணா ஒரு தடவை முழுசாப் பார்த்துட்டு ஒப்படைக்கணும். இந்த லிஃப்டுக்குக் கயிறு மாத்தணும்." யோசித்தார். "ஆயிடும்."

"ஆயிடும்," என்றாள் அவள். "சாயங்காலம் நானும் கூட வர்றேன். பதிவேட்டை நான் எழுதறேன், நீங்க சக்கரத்தைச் சுத்துங்க."